உடைப்பெடுத்த கரை: 1929, 1971, 2006

பெரும்பாலான ராக் ரசிகர்களைப் போல நானும் ‘வென் த லெவி பிரேக்ஸ்’ (‘கரை உடையும்போது’) பாட்டை லெட் செப்பலின் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் பாட்டாகத்தான் முதலில் அறிந்தேன். 1971 நவம்பரில் வெளிவந்த அவர்களுடைய நான்காவது ஆல்பம் அந்தப் பாட்டோடுதான் முடிகிறது. அதன் மூலப் பதிவு வெகுநாள் கழித்தே காதில் விழுந்தது. கான்சஸ் ஜோ மெக்காயும் அவர் மனைவி மெம்ஃபிஸ் மின்னியும் 1929 ஜூனில் நியூயார்க்கில் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிவு செய்தது அது. கேட்ட அன்று ஏமாந்துபோனேன். இன்று அதைத்தான் அடிக்கடி கேட்கிறேன்.

ஏமாற்றத்துக்குக் காரணம் அதன் இலேசு. இரண்டு கிதார், ஒரு குரல், மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகம்; அந்தக் கால இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அவ்வளவுதான் அடங்கும். மின்னியின் விரல்கள் கம்பிகளின்மேல் துள்ளிக்கொண்டே போகின்றன. கேட்பவரின் கால் தானாகத் தாளம் போடும். ஊர் மூழ்கப்போவதைச் சொல்லும் பாட்டுக்கு இந்தத் துள்ளல் பொருந்துமா என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

பாடுபவர் ஜோ. மழை விடாவிட்டால் கரை உடையும், தண்ணீர் வரும், தங்க இடம் இருக்காது என்று அவர் அழாமல் சொல்கிறார். கரையில் இரவும் பகலும் உழைத்தேன் என்றும் ஒரு வரி வருகிறது. அந்த வரியின் பின்னால் 1927 இருக்கிறது. அந்த ஆண்டு ஏப்ரல் 21 அன்று, மிசிசிப்பி மாநிலத்தில் கிரீன்வில் நகருக்கு வடக்கே மவுண்ட்ஸ் லேண்டிங் என்ற இடத்தில் ஆற்றங்கரை உடைப்பெடுத்தது. அந்தப் பெருவெள்ளத்தில் 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள். கரையில் மண்மூட்டை சுமந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். பலரைத் துப்பாக்கிமுனையில் நிறுத்தி வேலை வாங்கினார்கள். இதை அறிந்தபின் ஜோவின் நிதானம் எனக்கு வேறுமாதிரி கேட்டது. அழுது பயனில்லை, வேண்டிப் பயனில்லை, இடம்பெயர வேண்டியதுதான் என்கிறது பாட்டு. கிளம்ப வேண்டியவனுக்கு ஏற்ற வேகத்தில் கிதார் ஓடுகிறது.

லெட் செப்பலின் அந்த வேகத்தை அடியோடு மாற்றியது. அவர்களுடைய பதிவில் வெள்ளம் வந்தே விட்டது. இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் உள்ள ஹெட்லி கிரேன்ஜ் என்ற பழைய வீட்டில், மாடிப்படிகளின் அடியில் இருந்த கூடத்தில் குழுவின் டிரம்மர் ஜான் பான்ஹாமின் டிரம்ஸை வைத்தார்கள். ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ் மேல்தளத்திலிருந்து இரண்டு மைக்குகளை மட்டும் தொங்கவிட்டார். படிக்கட்டின் உயரம் முழுவதும் ஏறி எதிரொலித்த அடிகள் பதிவாயின. பிறகு ஒலிநாடாவின் வேகத்தைக் குறைத்தார்கள். அதனால் ஒவ்வொரு அடியும் நீர் குடித்த மண்மூட்டைபோலக் கனத்து விழுகிறது. மூலம் 12 பார் புளூஸ் அமைப்பில், அதாவது 12 தாள அளவுகளுக்குள் சுரக்கூட்டுகள் மாறி மாறித் திரும்பும் கறுப்பினத்தவரின் இசை வடிவில், நடக்கிறது. இங்கே பாட்டின் பெரும்பகுதி ஒரே சுருதியில் நின்று சுழல்கிறது. பாடகர் ராபர்ட் பிளான்ட்டின் மவுத் ஆர்கன்கூட அந்தச் சுழலுக்குள் இழுபட்டுத்தான் ஒலிக்கிறது. ஏழு நிமிடமும் மூச்சு முட்டுகிறது. ஒலி என்று பார்த்தால் ராக் இசையில் இதற்கு நிகராக நான் வைக்கக்கூடிய பதிவு எதுவும் இல்லை.

ஆனால் அந்த மனிதன் எங்கே? பிளான்ட் பாடும்போது எனக்கு ஆறு கேட்கிறது, கரையில் நின்றவன் கேட்கவில்லை. வரிகளில் அவர்கள் சேர்த்த ஒன்றை மட்டும் மனமாரப் பாராட்டுவேன்: மூலத்தில் இல்லாத சிகாகோ. தெற்கே வேலையில்லை என்று கறுப்பினத்தவர் கூட்டம்கூட்டமாக வடக்கே போன நகரம் அது. 1930 வாக்கில் ஜோவும் மின்னியும்கூட அங்கேதான் போய்ச் சேர்ந்தார்கள்.

1986-இல் பீஸ்டி பாய்ஸ் என்ற அமெரிக்க ராப் குழுவினர் இந்த டிரம்ஸை மட்டும் வெட்டியெடுத்துத் தங்கள் முதல் ஆல்பத்தைத் தொடங்கினார்கள். வெள்ளமும் கரையும் போய்விட்டன. மாடிப்படியின் எதிரொலி மட்டும் மிஞ்சியது.

அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் 2006-இல் எதிர்த்திசையில் போனார். பழைய முதல் வரியை எடுத்துக்கொண்டு, மீதியைப் பெரும்பாலும் தானே எழுதி, மறுபடியும் துள்ளல் நடைக்குத் திரும்பினார். கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸின் கரைகள் உடைந்து ஓராண்டு முடிந்திருந்த நேரம் அது. பாட்டு நன்றாகவே ஓடுகிறது. டிலனின் குழுவும் அருமை. ஆனால் 1929-இல் சில வரிகளிலேயே தெரிந்த ஆபத்து, இங்கே அத்தனை சரணங்கள் போன பிறகும் எனக்கு எட்டவில்லை.

ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் ஜோ, மின்னியின் பதிவைத்தான் எடுப்பேன். அதில் கேட்கும் கிதாரை அப்படியே திரும்பச் செய்தவர் யாரையும் நான் கேட்டதில்லை. பான்ஹாமின் டிரம்ஸையோ ஆயிரம் பேர் செய்து பார்த்துவிட்டார்கள்.

உரிமை விஷயத்தையும் சொல்ல வேண்டும். பாட்டை எழுதியவராக டிலன் தன் பெயரை மட்டும் போட்டுக்கொண்டார். லெட் செப்பலின் தங்கள் நால்வரின் பெயர்களோடு மெம்ஃபிஸ் மின்னியின் பெயரையும் அச்சிட்டது. அப்போது அவர் உயிரோடு இருந்தார், 1973-இல்தான் மறைந்தார். 1950-இலேயே இறந்துபோன ஜோ மெக்காயின் பெயர் அதில் இல்லை. முதன்முதலில் அதைப் பாடிய குரல் அவருடையது.