நிறை திரும்பினால்: மறு சத்திரசிகிச்சையா, ஊசியும் உணவுமா?

இரைப்பை பைபாஸ் (நிறை குறைக்க, இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்துக் குடலோடு இணைக்கும் சத்திரசிகிச்சை) செய்து சில ஆண்டுகளில் நிறை ஓரளவு திரும்புவது பலருக்கும் நேர்வதுதான். யாழ்ப்பாணத்தில் அயலவர் "ஒப்பரேஷன் பிழைத்துவிட்டது" என்பார்கள். அதற்காக வெட்கப்பட வேண்டாம்.

மறு சத்திரசிகிச்சைக்கு உடலமைப்பில் காரணம் வேண்டும்: சிறு பை விரிந்திருக்கலாம், குடலோடு இணைத்த வாய் அகன்றிருக்கலாம், பைக்கும் பழைய இரைப்பைக்கும் இடையே துளைவழி உண்டாகியிருக்கலாம். எண்டோஸ்கோபியும் (கமராக் குழாயை வாய்வழியே செலுத்திப் பார்ப்பது) பேரியம் எக்ஸ்றேயும் (பேரியக் கரைசலைக் குடித்தபின் எடுப்பது) இவற்றைக் காட்டும். பழைய தழும்புத் திசுக்களால் இரண்டாவது சத்திரசிகிச்சை கடினமானது; கசிவு, தொற்று ஆபத்து முதலாவதைவிடக் கூடுதல். உணவு உறிஞ்சும் குடல் நீளத்தை மேலும் குறைத்தால், புரதமும் விற்றமின்களும் போதாமல் உடல் நலியக்கூடும்.

செமாக்ளூடைட் போன்ற வாராந்த ஊசி பசியை அடக்கும். நிறுத்தினால் நிறை மீளக்கூடும், செலவும் சிறிதல்ல. சீனித் தேநீரும் முறுக்குமாக நாள் முழுவதும் கொறித்தால் சிறு பையும் தடுக்காது. புட்டைக் குறைத்து, மீனையும் முட்டையையும் முதலில் உண்ணுங்கள்.

பரிசோதனையில் குறை தெரியாவிட்டால் நான் ஊசியின் பக்கமே நிற்பேன். துளைவழி இருந்தால் அனுபவமுள்ள சத்திரசிகிச்சை நிபுணரிடம் செல்லுங்கள். குடலோடு இணைத்த வாய் மட்டும் அகன்றிருந்தால், எண்டோஸ்கோபி வழியே தையலிட்டுச் சுருக்க முடியுமா என்று அவரிடம் கேளுங்கள்.