சூடானால் நிற்கிற மொறிஸ் மைனர்: ஊரில் கார் திருத்திய அனுபவம்

ஊருக்குப் போய் வருகிறவர்கள் வங்கி அலுவல், காணி உறுதி, அடையாள அட்டை என்று எல்லாம் எழுதுகிறார்கள். பழைய கார் திருத்தின கதையை நான் எங்கும் காணவில்லை, அதனால் இதை எழுதுகிறேன், லண்டனில் இருந்து போய் அப்பாவின் காரோடு மல்லுக்கட்டுகிற ஆட்கள் எங்களுக்குள் நிறையப் பேர்.

எங்களுடையது மொறிஸ் மைனர் 1000, 948 சிசி எஞ்சின். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது இலங்கையில் கார் விலை ஏறிய ஏற்றத்தில் இப்படிப் பழையதுகளுக்கும் ஒரு மரியாதை வந்துவிட்டது. காருக்கு வந்த வருத்தம் என்னவென்றால், காலையில் உடனே ஸ்ராட் வரும், எஞ்சின் நன்றாகச் சூடானதும் நின்றுவிடும், ஸ்ராட்டர் சுற்றும் ஆனால் பிடிக்காது. அரை மணித்தியாலம் விட்டால் ஒன்றும் நடக்காத மாதிரி ஓடும். ஒருநாள் யாழ்ப்பாணம்–பருத்தித்துறை வீதியில் இருக்கிற வல்லை வெளியில், மத்தியான வெயிலில், ஒதுங்க ஒரு மரம்கூட இல்லாத இடத்தில் நின்றது. அம்மாவை ஓட்டோவில் அனுப்பிவிட்டுக் காரோடு நின்றேன்.

முதலில் கொண்டுபோனது யாழ்ப்பாண நகரத்தில் ஒரு கராஜுக்கு. பார்த்த உடனேயே "பெற்றோல் ஆவியாகுது" என்றார்கள். பெற்றோலைக் காற்றோடு கலக்கிற காபரேற்றரைக் கழுவி, பெற்றோல் பம்ப் மாற்றி, பொறிக்கு மின்சாரம் கொடுக்கிற கொயிலும் மாற்றி, பெரிய பில் ஒன்று தந்தார்கள். காரைச் சூடாக்கி ஓடிப் பார்க்கவே இல்லை. எனக்குக் கோபம் அதில்தான். நின்றால் பெற்றோல் பைப்பில் ஈரத்துணி சுற்றச் சொன்னார்கள், சுற்றினால் கொஞ்ச நேரத்தில் ஸ்ராட் வந்தது. ஆனால் துணி இல்லாமல் அதே நேரம் காத்திருந்தாலும் வந்திருக்கும், எஞ்சின் ஆறினதுதானே காரணம்!

அப்புறம் நெல்லியடிப் பக்கம் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் கார் ஓடின காலத்தில், காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணிப் பழகினவர். பொனற்றைத் திறக்க முதலே கேட்டார்: "தம்பி, இழுத்து இழுத்து நிண்டதோ, பட்டெண்டு நிண்டதோ?" சைலன்சரில் ரெண்டு தரம் வெடித்துவிட்டுப் பட்டென்று நின்றது என்றேன். "அப்ப பெற்றோலா இருக்காது, எண்டாலும் பாப்பம்" என்று வாசலிலேயே எஞ்சினை ஓடவிட்டு, அது தானாக நிற்கும்வரை பக்கத்தில் குந்தியிருந்தார்.

நின்ற உடனே காபரேற்றருக்கு வருகிற பைப்பைக் கழற்றிப் போத்தலுக்குள் பிடித்தார். பம்ப் டிக் டிக்கென்று அடிக்க, பெற்றோல் தாராளமாக வந்தது. அடுத்து ஒரு பிளக்கைக் கழற்றி, வயரோடு எஞ்சினில் முட்டவைத்துச் சுற்றச் சொன்னார். நீலமாய்த் தடிப்பாய் வரவேண்டிய பொறி மஞ்சளாய், இருந்துவிட்டு ஒன்று வந்தது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடுகிற டிஸ்ரிபியூற்றரின் மூடியைக் கழற்றினால், உள்ளே கொயிலின் மின்சாரத்தை விட்டு விட்டு வெட்டுகிற பொயின்ற் இரண்டு முகமும் கருகிக் குழி விழுந்திருந்தது. "கொண்டென்சர்" என்றார், அவ்வளவுதான்.

பொயின்ற் திறக்கிற கணத்தில் பாய்கிற மின்சாரத்தைக் கொண்டென்சர் வாங்கிக்கொண்டால்தான் கொயிலில் உயர் மின்னழுத்தம் பிறக்கும். உள்ளே காப்பு பழுதானால் சூட்டில் ஒழுகும், ஆறினால் திரும்ப வேலை செய்யும், ஆளை ஏமாற்றுகிற வருத்தம். பிஸ்கற் பேணிக்குள் கிடந்த பழைய கொண்டென்சர் ஒன்றைப் பூட்டி, பொயின்றை அரத்தாள் போட்டு இடைவெளியைப் பதினைந்து தௌவுக்கு, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்குக்கு, வைத்தார். கை வைக்க முடியாத சூட்டிலேயே எஞ்சின் முதல் சுற்றில் பிடித்தது. ஆறும்வரை பொறுத்துவிட்டு ஸ்ராட் பண்ணியிருந்தால் அதை நான் நம்பியிருக்க மாட்டேன்.

கேட்ட காசு மிகக் குறைவு, கூடக் கொடுத்தபோது வாங்க மறுத்து, பிறகு வற்புறுத்தித்தான் வாங்கினார். முந்தின கராஜில் கழற்றிய கொயிலையும் சோதித்து, நல்லதுதான், வைத்திரு என்றார். நல்ல காலம், கழற்றின சாமான்களைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். நீங்களும் கேட்டு வாங்குங்கள்.

புதிதாக வருகிற கொண்டென்சர்கள் சில பூட்டின கொஞ்ச நாளிலேயே போய்விடுகின்றன, அதனால் பழசைத்தான் பூட்டினேன் என்றார். இங்கே லண்டனில் மைனருக்குச் சாமான் தாராளமாகக் கிடைக்கும், அடுத்தமுறை போகும்போது நல்ல கொண்டென்சர், பொயின்ற், ரோட்டர் எல்லாம் இரண்டு செற் கொண்டுபோகிறேன், ஒன்று எங்கள் காருக்கு, மற்றது அவருடைய பேணிக்கு.