100 சிசி டூ-ஸ்ட்ரோக்: என் முதல் வண்டியோடு நெடுநாள் பழக்கம்

முதல் வண்டியைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முகம் மலர்ந்துவிடும். எனக்கும் அப்படித்தான். ஆனாலும் அதைப் பல வருடம் ஓட்டியவன் என்ற முறையில், ஆசையோடு கூடவே அது எப்படி உழைத்தது, எங்கே கைவிட்டது என்பதையும் சேர்த்து எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

காற்றில் குளிரும் ஒற்றை சிலிண்டர், 100 சிசிக்குக் கொஞ்சம் குறைவான டூ-ஸ்ட்ரோக் இன்ஜின், நாலு கியர், இரண்டு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், செல்ஃப் ஸ்டார்ட் கிடையாது. செகண்ட் ஹேண்டாகத்தான் என்னிடம் வந்தது. இதே அமைப்பில் எத்தனையோ கம்பெனிகள் வண்டி செய்திருப்பதால் பெயரைச் சொல்லவில்லை. இந்த வகை வண்டி எதை வைத்திருந்தவருக்கும் நான் சொல்வது பொருந்தும்.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இந்த வண்டி எனக்குக் கொடுத்ததிலேயே பெரிய விஷயம் காது. இன்ஜினுக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சத்தத்தால் சொல்லிக்கொண்டே ஓடிய வண்டி அது. அதற்கப்புறம் எத்தனையோ நல்ல வண்டிகள் ஓட்டிவிட்டேன். எதில் ஏறினாலும் முதலில் கேட்கத்தான் தோன்றுகிறது.

காலையில் கிளப்புவதற்கே ஒரு முறை உண்டு. பெட்ரோல் குழாயைத் திறந்து, சோக்கைப் போட்டு, சாவியைத் திருப்பாமலே இரண்டு மூன்று முறை கிக்கரை மெதுவாக மிதிக்க வேண்டும். அப்புறம் சாவி. கிக்கரில் கால் வைத்து மெல்ல அழுத்தினால் ஓரிடத்தில் தடுக்கும். பிஸ்டன் மேலேறி, பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவையை இறுக்கும் இடம் அது. அங்கேயிருந்து கிக்கரை மேலே வரவிட்டு, பாதியில் நிறுத்தாமல் கடைசிவரை உதைத்தால் கிளம்பிவிடும். இரண்டாவது உதையில் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். பிடிக்கவில்லையென்றால், கலவைக்குத் தீப்பொறி கொடுக்கும் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான். பிளக் ஸ்பானரும் ஒரு மாற்று பிளக்கும் சீட்டுக்கு அடியில் எப்போதும் இருக்கும். மின்முனையைச் சுற்றி இளம் பழுப்பாக இருந்தால் எல்லாம் சரி. கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, வெளுத்துக் கிடந்தால் போதாமல் போகிறது. சில சமயம் கரித்துணுக்கு ஒன்று இடைவெளியில் சிக்கிக்கொண்டு தீப்பொறியையே நிறுத்திவிடும். துடைத்துப் போட்டால் அடுத்த உதையில் ஓடும். இவ்வளவு எளிதாக உள்ளே எட்டிப் பார்க்க இடம் கொடுத்த இன்ஜின் எனக்கு வேறு வாய்க்கவில்லை.

இனி அந்தச் சத்தம். டூ-ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் ஒருமுறை மேலேறி இறங்குவதற்குள் ஒரு வெடிப்பு நடந்தாக வேண்டும். ஆக்சிலேட்டரைக் குறைத்து ஓட்டும்போது எரிந்த புகையில் பாதி உள்ளேயே தங்கிவிடுவதால் ஒரு சுற்றில் எரியும், இன்னொரு சுற்றில் தவறும். மெதுவாகப் போகும் டூ-ஸ்ட்ரோக்கில் கேட்கும் ‘டிங்… டிங்-டிங்…’ அதனால்தான். கொஞ்சம் முறுக்கினால் தடுமாற்றம் நீங்கி சத்தம் ஒரே கோடாக நீளும். இன்னும் முறுக்கினால் ஒரு கட்டத்தில் குரலே மாறும், வண்டி சட்டென்று முன்னே இழுக்கும். அந்த இழுப்பை முதல்முறை உணர்ந்த நாளை இந்த வண்டிகளை ஓட்டியவர் யாரும் மறக்க மாட்டார்கள்.

அந்த இழுப்புக்குக் காரணம் பாதி இன்ஜினில், மீதி சைலன்சரில் இருக்கிறது. விரிந்து பின் குறுகும் குழாயில் போகும் அழுத்த அலை திரும்பி வந்து, வெளியே தப்பப் பார்க்கும் புதுக் கலவையை மறுபடி சிலிண்டருக்குள்ளேயே தள்ளும். இந்தக் கணக்கு ஒரு குறிப்பிட்ட சுழற்சி வேகத்தில்தான் கூடிவரும். இதை ஆழமாக ஆராய்ந்தவர் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் கம்பெனியில் இருந்த வால்டர் காடன். 1961-ல் அவருடைய 125 சிசி பந்தய இன்ஜின் 25 குதிரைத்திறன் கொடுத்தது, அதாவது லிட்டருக்கு 200 என்ற கணக்கில். அதே வருடம் அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கே தப்பிப் போய் சுசுகியில் சேர்ந்தார். 1962-ல் 50 சிசி உலகப் பட்டத்தை சுசுகி வண்டியில் வென்றார். நான் ஓட்டியது சாதாரண ரோட்டு வண்டி, அதன் சைலன்சரில் இருந்தது இந்த வித்தையின் மிக அடக்கமான வடிவம். ஆனாலும் அந்த இழுப்பு வரும்போதெல்லாம் காடனை நினைத்துக்கொள்வேன்.

எம்இசட் இருந்த ஜோபாவ் ஊரின் தொழிற்சாலைதான் போருக்கு முன் டிகேடபிள்யூ என்ற பெயரில் இயங்கியது. 1939-ல் அங்கே பிறந்த ஆர்டி125 என்ற டூ-ஸ்ட்ரோக் வண்டியை இந்த வண்டிகளுக்கெல்லாம் பாட்டன் என்று தாராளமாகச் சொல்லலாம். போருக்குப் பின் இழப்பீடாக அதன் வரைபடங்கள் பல நாடுகளுக்குப் போயின. ரஷ்யர்கள் அதை எம்1ஏ ஆக்கினார்கள், 1947-ல் ஹார்லி-டேவிட்சன் ஒரு 125-ஐக் கொண்டுவந்தது, 1948-ல் இங்கிலாந்தில் பிஎஸ்ஏ பேன்டம் வந்தது. யமஹாவின் முதல் வண்டியான 1955-ஆம் வருட ஒய்ஏ-1-உம் அதைப் பார்த்துச் செய்ததுதான். ஒருவரையொருவர் அறியாத எத்தனையோ பேரின் முதல் வண்டிகள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை நினைத்தால் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

இவ்வகை இன்ஜினோடு வாழ்வதில் முக்கியமானது ஆயில். தனி ஆயில் பம்ப் இல்லாத என் வண்டியில் லிட்டர் பெட்ரோலுக்கு 25 மில்லி ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். இன்ஜினுக்குள் போகும் மசகு அவ்வளவும் பெட்ரோலோடுதான் போகிறது. அதனால் நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முழுதாக மூடிக்கொண்டு கியரிலேயே இறங்கினால் சக்கரம் இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்கும், ஆயில் மட்டும் போகாது. அவ்வப்போது கிளட்சைப் பிடித்து லேசாக முறுக்கிவிட்டு இறங்குவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பழைய சாப் கார்கள் டூ-ஸ்ட்ரோக்கில் ஓடிய காலத்தில், இதே காரணத்துக்காகத்தான் இன்ஜின் சக்கரத்திலிருந்து தானாக விடுபடும் ஏற்பாட்டை வைத்திருந்தார்கள்.

இன்ஜின் ஒரே ஒருமுறை சீஸ் ஆனது, அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொண்டது. நீண்ட ஏற்றம், நல்ல வெயில். வழக்கமான சத்தம் மெலிந்து, அதில் உலோகம் உரசுவதைப் போல ஏதோ கலந்தது. இடது கையின் இரண்டு விரல் கிளட்சின் மேல் இருந்தது, பின்சக்கரம் இறுகத் தொடங்கியதும் பிடித்துவிட்டேன். ஓரமாக நிறுத்தி ஆறவிட்டதும் கிக்கர் இறங்கியது, நிதானமாக வீடு வந்து சேர்ந்தேன். மெக்கானிக் அண்ணன் சிலிண்டரைக் கழற்றும் முன்பே, “தம்பி, கிராங்க் சீல் கெட்டுப்போய்க் காற்று இழுக்குது” என்றார். சரியாக அதுதான். கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்று புகாமல் அடைக்கும் சீலின் ரப்பர் வயதாகி இறுகிப்போய், அந்த வழியாகக் காற்று புகுந்து கலவையை நீர்க்கச் செய்திருந்தது. பிஸ்டனில் லேசான கீறல்தான். சீல், ரிங் இரண்டையும் மாற்றியதோடு சரி. அவருக்கு அது எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் வேகம் உடனே இறங்காமல் தொங்குவதை வாசலில் நான் நிறுத்தும்போதே கேட்டாராம். அன்றிலிருந்து நானும் அதைக் கேட்கக் கற்றுக்கொண்டேன்.

கரி எடுப்பதும் அப்படித்தான். நாள்பட சைலன்சர் அடைத்துக்கொண்டால் சத்தம் அமுங்கிப்போகும், கடைசி கியரில் இழுவை குறையும். சைலன்சருக்குள் இருக்கும் குழாயை உருவி எடுத்து, காஸ்டிக் சோடாவில் ஊறவைத்துக் கழுவ வேண்டும். ஹெட்டைக் கழற்றி பிஸ்டன் தலையில் படிந்ததை மரக்குச்சியால் சுரண்டி எடுக்க வேண்டும். அலுமினியம் என்பதால் இரும்பால் தொடக் கூடாது. ஓய்வான ஒரு மதியத்தில் முடிந்துவிடும். சேர்த்து மாட்டி முதல் உதை உதைத்ததும் தெளிவாக வரும் குரலைக் கேட்பதற்காகவே அந்த வேலையை விரும்பிச் செய்வேன்.

மற்றதெல்லாம் சுருக்கமாகச் சொன்னால் போதும். நிதானமாக ஓட்டினால் லிட்டருக்கு 45 கிலோமீட்டர், முறுக்கினால் 35. 6 வோல்ட் மின்சாரம்தான்; சிக்னலில் நின்றால் ஹெட்லைட் மங்கும், முறுக்கினால் பிரகாசிக்கும். டிரம் பிரேக் மழையில் நனைந்தால் முதல் பிடியில் எதுவும் நடக்காது, இரண்டாவது பிடியில்தான் பிடிக்கும். இதை நான் பெரிய குறையாகவே பார்க்கிறேன், பாசத்தால் மறைக்கக் கூடாது. சீட் நன்றாக இருந்தது. ஆள் உட்கார்ந்த பின்னும் கனமே தெரியாத வண்டி, ஒற்றை விரலால் திருப்பலாம் போலிருக்கும்.

எல்லாருக்கும் இப்படி ஒரு டூ-ஸ்ட்ரோக் முதலில் கிடைப்பதில்லை. என் தோழி ஒருத்தி ஹோண்டா சிஜி125-இல் ஆரம்பித்தாள். சரியான பராமரிப்பு கிடைக்காத நாடுகளில் வண்டிகள் என்ன பாடு படுகின்றன என்று ஹோண்டா பொறியாளர்கள் நேரில் பார்த்துவிட்டு, 1976-ல் கொண்டுவந்த வண்டி அது. வால்வுகளைத் திறக்கும் கேமை இன்ஜினின் உச்சியில் வைக்காமல், கீழிருந்து தள்ளும் கம்பிகளான புஷ்ராட், செயினை முழுதாக மூடிய உறை. “நான் அதைத் திறந்து பார்த்ததே இல்லை, தெரியுமா?” என்று பெருமையாகச் சொல்வாள். என் மாமாவின் முதல் வண்டி சூப்பர் கப். 1958-ல் தொடங்கி 2017-க்குள் 10 கோடியைத் தொட்ட வண்டி, கிளட்ச் லீவரே கிடையாது. இடது காலால் கியர் போட்டுக்கொண்டு வலது கையால் மட்டும் ஓட்டிய சுகத்தை இன்றும் சொல்லிக்கொண்டிருப்பார். அவர்களுடைய பாசம் என்னுடையதற்குக் குறைந்ததில்லை. அவளுடைய வண்டி அவளுக்கு நம்பிக்கையைக் கொடுத்தது, மாமாவுக்கு லகுவைக் கொடுத்தது. எனக்குக் கிடைத்தது கேட்கும் பழக்கம். முதல் வண்டி எதைப் பழக்குகிறதோ அதைத்தான் நாம் அடுத்த வண்டியிலும் தேடுகிறோம் என்று நினைக்கிறேன். இப்போது என்னிடம் இருக்கும் 150 சிசி நால்-ஸ்ட்ரோக்கில் டைமிங் செயின் தளர்ந்ததை நான் கண்டுபிடித்தது சத்தத்தால்தான்.

இன்று முதல் வண்டி வாங்கும் ஒருவருக்கு டூ-ஸ்ட்ரோக்கைச் சொல்வேனா? மாட்டேன். எரியாத பெட்ரோல் கலவையில் ஒரு பங்கு புகையோடு நேராக வெளியே போய்விடும் இன்ஜின் அது. உலகமெங்கும் புகைக் கட்டுப்பாடுகள் அதை ரோட்டிலிருந்து இறக்கியது நியாயம்தான். ஏபிஎஸ் உள்ள டிஸ்க் பிரேக்கோடு ஒரு சின்ன நால்-ஸ்ட்ரோக் வாங்கட்டும், ஹெல்மெட்டுக்குள் பாட்டு வைக்காமல் கொஞ்ச நாள் ஓட்டட்டும்.

பழையதைத் தேடிப்பிடித்து வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கு மட்டும் இது. பெயின்டைப் பார்த்து மயங்க வேண்டாம். டேங்க்கின் மூடியைத் திறந்து டார்ச் அடித்து உள்ளே துருவைப் பாருங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய், உங்கள் காலாலேயே உதைத்துக் கிளப்புங்கள். சூடானதும் ஆக்சிலேட்டரை ஒருமுறை முறுக்கி விடுங்கள். இன்ஜின் வேகம் உடனே இறங்காமல் தொங்கினால், கிராங்க் சீல் எப்போது மாற்றினார்கள் என்று கேட்டுவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.