மாசுக் கட்டுப்பாடு: கட்டாய விதியா, மாசு வரியா?

சுற்றுச்சூழல் சட்டம் வந்தாலே உற்பத்தித்திறன் படுத்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அது எந்த வடிவில் வருகிறது என்பதைப் பொறுத்தே பாதிப்பு இருக்கும். இவ்வளவுக்கு மேல் மாசு விடக் கூடாது என்று வரம்பு போடுவது கட்டாய விதி; விடும் மாசின் அளவுக்கேற்பப் பணம் வாங்குவது மாசு வரி.

செலவு
விதி: பழைய ஆலைக்கும் புது ஆலைக்கும் ஒரே வரம்பு. சிலருக்குக் கழுத்தை நெரிக்கும்.
வரி: மலிவாகக் குறைக்க முடிந்தவர் அதிகம் குறைப்பார், மற்றவர் வரி கட்டுவார்.

புதுமை
விதி: வரம்பைத் தொட்டதும் முயற்சி நின்றுவிடும்.
வரி: 1992இல் ஸ்வீடன் பெரிய கொதிகலன்கள் வெளியிடும் நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கு (எரிக்கும்போது உண்டாகும் மாசு வாயுக்கள்) கட்டணம் விதித்தது. வசூலான பணம், உற்பத்தி செய்த ஆற்றலுக்கேற்ப அந்த ஆலைகளுக்கே திரும்பிப் போனது. புகைபோக்கியில் அளவுமானி வந்ததும், எரிப்பானில் காற்றின் அளவைக் கொஞ்சம் மாற்றிப் பார்த்தே பல இடங்களில் மாசைக் குறைத்தார்கள். புது இயந்திரம்கூட வாங்காமல்!

கண்காணிப்பு
விதி: மாசைக் குறைக்கும் கருவி இருக்கிறதா, ஓடுகிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் போதும்.
வரி: விடாமல் அளக்க வேண்டும். சின்னப் பட்டறைக்குக் கட்டுப்படியாகாது.

சரி, எதை எடுப்பது? ஈயம், பாதரசம் போன்ற நஞ்சுக்குக் கண்டிப்பான விதிதான். காசு கட்டிவிட்டு வெளியேற்ற யாரையும் விடக் கூடாது. எங்கிருந்து வந்தாலும் ஒரே கெடுதல் செய்யும் கரியமில வாயுவுக்கு வரி. சின்ன ஆலைகளுக்கு எளிய விதி, அப்புறம் மாறிக்கொள்ளப் போதுமான அவகாசம்.