பழைய காரின் சைலன்சர் பைப்பில் ஓட்டை: ஒட்டுப் போடுவதா, வெட்டி மாற்றுவதா, முழு செட்டா?

என் காருக்கு இப்போது 17 வயது. இரண்டு ஆண்டுக்கு முன் ஒரு நாள் காலையில் ஸ்டார்ட் செய்ததும் அடியிலிருந்து டிராக்டர் மாதிரி உறுமல். குனிந்து பார்த்தால், பின் சைலன்சருக்கு ஒரு சாண் முன்னால், பைப் வளைகிற இடத்தின் அடிப்பக்கத்தில் விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. அதைச் சுற்றிக் கரி அப்பியிருந்தது.

என் முன்னால் மூன்று வழி இருந்தது. ஓட்டை மேல் தகடு வைத்து வெல்டிங் செய்வது ஒன்று. கெட்ட பகுதியை மட்டும் வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் துண்டை கிளாம்ப் போட்டு இணைப்பது இன்னொன்று. முன்னாலிருந்து பின்வரை முழு செட்டையும் மாற்றுவது மூன்றாவது. நான் இரண்டாவதைத்தான் எடுத்தேன், இன்றும் அதையே சொல்வேன். வெல்டிங்கை அதற்கு முன் ஒரு தடவை செய்து பட்டிருக்கிறேன். முழு செட் என் மைத்துனர் காரில் மாட்டியபோது கூட இருந்து பார்த்தது. சொந்த வண்டியில் ஓட்டிய அனுபவம் இல்லை.

வழியைத் தேர்வதற்கு முன் எங்கே கசிகிறது என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். காதுக்குக் கேட்கிற இடமும் ஓட்டை இருக்கிற இடமும் எப்போதும் ஒன்றாக இருக்காது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ‘டிக் டிக்’ என்று கேட்டு, சூடேறியதும் குறைந்தால் சந்தேகம், எஞ்சினிலிருந்து புகையைச் சேர்த்து வெளியே விடும் வார்ப்புப் பாகமான மேனிஃபோல்டு பக்கம் போக வேண்டும். அங்கே கேஸ்கெட் (மூட்டில் கசியாமல் அடைக்கும் தகடு) போயிருக்கலாம், இல்லை வார்ப்பில் விரிசல் விட்டிருக்கலாம். சூட்டில் உலோகம் விரிந்து அந்த இடைவெளி தற்காலிகமாக அடைபடும். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் கடகடவென்று ஆடினால் அது பெரும்பாலும் கசிவே இல்லை, துருப்பிடித்துக் கழன்ற ஹீட் ஷீல்டு, அதாவது பைப்பின் சூட்டைத் தடுக்கும் தகடு. பெரிய ஹோஸ் கிளாம்ப் ஒன்றைச் சுற்றி முறுக்கினால் அடங்கிவிடும்.

சின்னக் கசிவுக்கு நான் நம்புவது சோப்புத் தண்ணீரை. எஞ்சின் ஆறியபின், ஊதும் வசதியுள்ள வேக்குவம் கிளீனரின் குழாயை டெயில் பைப்பில் செருகித் துணியால் அடைத்துக் காற்றை ஊதவிட்டு, ஒவ்வொரு மூட்டிலும் சோப்பு நீரைத் தெளித்தால் கசிகிற இடத்தில் நுரை பொங்கும். எஞ்சின் ஓட வேண்டியதில்லை, கையும் சுடாது. வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் நுழையாதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம்.

ஓட்டையைக் கண்டுபிடித்ததும் செய்ய வேண்டியது, அதன் அக்கம்பக்கத்தைத் தட்டிப் பார்ப்பது. ஸ்குரூடிரைவரின் பிடியால் தட்டினால் நல்ல பைப் ‘டிங்’ என்று ஒலிக்கும், இற்றுப்போனது மந்தமாக ‘டப்’ என்னும். என் பைப்பில் ஓட்டையிலிருந்து நான்கு விரற்கடை தூரம்வரை ‘டப்’தான். ஸ்குரூடிரைவர் முனையை ஓர் இடத்தில் வைத்துக் கொஞ்சம் அழுத்தினேன், அட்டையில் இறங்குவது போல உள்ளே போய்விட்டது. வெளியே பார்த்தால் அங்கே லேசான துரு மட்டும்தான் தெரிந்தது.

காரணம், பைப்பைத் துரு பெரும்பாலும் உள்ளிருந்து தின்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாக உண்டாகிறது. நீண்ட தூரம் ஓடினால் பைப் நன்றாகச் சூடேறி அது வெளியேறிவிடும். பக்கத்துக் கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் போய் வருகிற வண்டியில் பின் சைலன்சர் அந்த அளவுக்குச் சூடாவதே இல்லை. நீர் அங்கேயே குளிர்ந்து தேங்கும், புகையில் உள்ளவற்றோடு கலந்து அமிலத்தன்மையும் பெறும். சைலன்சரும் வளைவின் அடிப்பக்கமும் முதலில் போவது இதனால்தான்.

இனி ஒட்டுப் போடும் வழி. வேகமாக முடியும், செலவு மிகக் குறைவு, ஓட்டை சின்னதாகவும் சுற்றிலும் உலோகம் கெட்டியாகவும் இருந்தால் நன்றாகவே நிற்கும். கல் அடித்து விழுந்த ஓட்டைக்கும், பற்றவைத்த மூட்டில் விட்ட விரிசலுக்கும் நானும் வெல்டிங்தான் சொல்வேன். துரு தின்ற ஓட்டைக்கு அது சரிவராது. காகிதம் போல மெலிந்த தகட்டில் வெல்டிங் சூடு பட்டால் ஒரு ஓட்டை அடைபடும்போது பக்கத்தில் இரண்டு திறக்கும். அலுமினியப் பூச்சுள்ள பைப்பாக இருந்தால் அந்தச் சூட்டில் பூச்சும் எரிந்துபோகும், அடுத்த துரு அங்கேயே தொடங்கும். வெல்டிங் செய்பவரிடம் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றச் சொல்லுங்கள். பெட்ரோல் டேங்க் பக்கத்தில் என்றால் பைப்பை வெளியே எடுத்துத்தான் வேலை நடக்க வேண்டும்.

ஓட்டை மேல் அப்பும் பேஸ்ட், பைப்பைச் சுற்றிக் கட்டும் பேண்டேஜ் இரண்டையும் நான் தனி வழியாகவே எண்ணவில்லை. இரண்டு மீட்டர் எஃகுக் குழாய் 300 டிகிரி சூடேறினால் 7 மில்லிமீட்டர் நீளும், ஆறினால் சுருங்கும். ஒவ்வொரு பயணத்திலும் இது நடக்கிறது. கல்லாக இறுகிய பேஸ்ட் அதோடு சேர்ந்து நீளாது, விரிசல் விடும். பட்டறைவரை போய்ச்சேர உதவும், அவ்வளவுதான்.

என்னை வெட்டி மாற்றும் பக்கம் தள்ளியது வேறொன்று: அடுத்த முறை இதைக் கழற்ற முடியுமா?

ஐந்தாறு ஆண்டுக்கு முன் இதே காரில், நடுப் பைப்பும் பின் சைலன்சரும் சேருகிற ஃப்ளாஞ்சில் (போல்ட் போட்டு இணைக்கும் விளிம்புத் தகட்டில்) போல்ட் துருப்பிடித்து ஒடிந்துபோனது. வேலை செய்தவர் போல்ட்டைத் துளையிட்டு எடுக்கச் சிரமப்பட்டு, இரண்டு ஃப்ளாஞ்சையும் சேர்த்துப் பற்றவைத்துவிட்டார். கசிவு சுத்தமாக நின்றது, எனக்கும் திருப்திதான். எட்டு மாதம் கழித்து ஹேண்ட்பிரேக் கேபிள் அறுந்தது. என் காரில் அந்தக் கேபிள், பைப்புக்கு மேலே உள்ள ஹீட் ஷீல்டுக்குள் ஓடுகிறது. பைப் இறங்காமல் ஷீல்டு இறங்காது. பைப்போ பின் ஆக்ஸிலுக்கு மேலாக வளைந்து போகிறது. இரண்டு துண்டாக இருந்தால் தனித்தனியே உருவிவிடலாம், ஒரே துண்டாகிவிட்டதால் வெளியே வரவில்லை. கடைசியில் அறுத்துத்தான் எடுத்தோம். அரை நாளில் முடிய வேண்டிய கேபிள் வேலை இரண்டு நாள் இழுத்தது. அறுத்த இடத்தை மறுபடி ஒட்டவைத்தது தனிச் செலவு.

பழைய காரில் இது ஒரு தடவையோடு முடியாது. பெட்ரோல் டேங்க், பிரேக் லைன் என்று எதைத் தொட்டாலும் வழியில் இந்தப் பைப் நிற்கலாம். கேபிள், ரப்பர், புஷ் எல்லாம் ஒரே வயது, ஒவ்வொன்றாகக் கைவிடும். அதனால் பைப் வேலை செய்யும்போது இன்று கசிவு நிற்கிறதா என்று மட்டும் பார்க்காமல், இரண்டு ஸ்பேனரோடு மறுபடி பிரிக்க முடிகிறதா என்றும் பார்க்கிறேன். வெல்டிங் அந்த வழியை அடைத்துவிடுகிறது. கிளாம்ப் திறந்து வைக்கிறது.

கிளாம்பிலும் வித்தியாசம் உண்டு. யு வடிவக் கிளாம்ப் எளிதில் கிடைக்கும், ஆனால் முறுக்க முறுக்கப் பைப்பை நசுக்கிப் பள்ளம் விழச் செய்யும். அப்புறம் உள் பைப்பும் வெளி பைப்பும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு பிரியாது. அகலப் பட்டையாகச் சுற்றி இறுக்கும் பேண்ட் கிளாம்ப் சுற்றிலும் ஒரே சீராகப் பிடிப்பதால் பைப்பின் வட்டம் கெடாது. விலை கூடுதல்தான், நான் யோசிக்காமல் அதையே வாங்கினேன்.

அளவெடுக்கும்போது, ‘டிங்’ என்று ஒலிக்கிற உலோகம் வரும்வரை இரண்டு பக்கமும் தள்ளி வெட்டினோம். ஓட்டை விரலளவு, வெட்டி எடுத்தது ஒன்றே கால் அடி. வெர்னியரால் பைப்பின் வெளி விட்டத்தை அளந்து, அதே உள் விட்டமுள்ள ஸ்லீவ், அதாவது பழைய பைப்பின் மேல் ஏறி உட்காரும் குழாய் போட்டோம். ஒவ்வொரு முனையிலும் பழைய பைப் இரண்டு அங்குலம் அதன் உள்ளே போனது. எல்லா மூட்டையும் தளர்வாக மாட்டி, ஹேங்கர் ரப்பர்களில் பைப் இழுபடாமல் தொங்குகிறதா, பாடியில் எங்கும் இடிக்கிறதா என்று பார்த்தபின் முன்னாலிருந்து பின்னுக்கு முறுக்கினோம். பின்னால் எளிதில் கழல போல்ட்டுகளில் செப்பு கிரீஸ் தடவச் சொன்னேன். ஒரு வாரம் ஓட்டியபின் இன்னொரு தடவை முறுக்கியதில் ஒரு கிளாம்ப் அரைச் சுற்று ஏறியது.

அந்த மூட்டில் இரண்டு ஆண்டாகக் கசிவில்லை. ஆறு மாதத்துக்கு முன் பின் சைலன்சரும் ஓட்டையாகி மாற்ற வேண்டியிருந்தது. அந்தக் கிளாம்ப் இருபது நிமிடத்தில் கழன்று வந்தது. இரண்டு ஆண்டு என்பது பைப்புக்குப் பெரிய காலம் இல்லை, ஐந்தாவது ஆண்டிலும் இப்படியே கழலும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

முழு செட்டுக்கு நியாயம் இல்லாமல் இல்லை. மூன்று நான்கு இடத்தில் தட்டி எல்லா இடத்திலும் ‘டப்’ என்றால் துண்டு துண்டாக மாற்றுவது வீண். மைத்துனர் கார் அப்படித்தான் இருந்தது, அவர் செய்தது சரி. இன்னும் பல ஆண்டு வைத்திருக்கப்போகிற வண்டி என்றால் துருப்பிடிக்காத எஃகில் வாங்குவது பற்றியும் யோசிக்கலாம். ஆனால் புகையிலுள்ள நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் நன்றாக இருக்கும்போது அதையும் சேர்த்துத் தூக்கிப் போடாதீர்கள். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருப்பதால் செட்டிலேயே விலை கூடிய பாகம் அதுதான். அதை எடுத்துவிட்டு வெறும் பைப் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இந்த ஒப்பீடு கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள பைப்புக்குத்தான். முன்பக்கக் கணக்கு வேறு. புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சாருக்கு முன் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுபட்டு, எரிபொருள் போதவில்லை என்று கம்ப்யூட்டர் தப்பாக நினைத்து அதிகமாகப் பாய்ச்சும், மைலேஜ் சரியும். அங்கே ஃப்ளெக்ஸ் பைப் (எஞ்சின் ஆட்டத்துக்கு வளைந்து கொடுக்கும் துண்டு) கிழிந்திருந்தால், எஞ்சினைத் தாங்கும் மவுன்ட்டையும் பாருங்கள். மவுன்ட் தளர்ந்து எஞ்சின் ஆடினால் புதிதாகப் போட்டதும் கிழியும்.

கசிவு எங்கே இருந்தாலும், சரிசெய்யும்வரை மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஓட்டும்போது உள்ளே தலைவலியோ கிறுகிறுப்போ வந்தால் ஓரம்கட்டி எஞ்சினை அணைத்து எல்லோரும் இறங்கிவிடுங்கள். வண்டியைக் கட்டி இழுத்துப் பட்டறைக்குக் கொண்டுபோகலாம்.