கணினிக்குத் தண்ணீர்க் கூலர்: பழைய வான் வண்டியின் செம்புக் கோரா, புதுப்பெட்டி அலுமினியமா?

பரந்தனில் எங்கள் ஸ்ரூடியோவுக்குச் சீற்றுக் கூரை. வைகாசி மாதம் பின்னேரம் மூன்று மணிக்கு அறைக்குள் 36 பாகை காட்டும். கலியாண வீடியோக்களும் சாமத்தியவீட்டு வீடியோக்களும் குவிவதும் அந்த மாதங்களில்தான். அந்த வேலைக்கான கணினிக்குப் பாவித்த ரைசன் 9 3900எக்ஸ் புரொசசர் ஒன்றை வாங்கிப் போட்டிருந்தேன். பெயருக்கு 105 வாட். முழுமூச்சாக வேலை கொடுத்தால் 142 வாட் வரை இழுக்கும். பெட்டியோடு வந்த, ஃபானால் ஊதும் காற்றுக் கூலரில் அது 95 பாகைக்கு ஏறி அங்கேயே நின்றது. 95தான் அதன் எல்லை. அதைத் தொட்டதும் புரொசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வெட்டிக் கோர்த்த வீடியோவை முழுதாக்கி எடுக்கும் ரெண்டர், நாலு மணித்தியாலத்தில் முடியவேண்டியது, ஐந்தைத் தாண்டும். பெண்வீட்டார் விடிய வந்து "தம்பி, முடிஞ்சுதோ?" என்று வாசலில் நிற்பார்கள்.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். நல்ல பெரிய காற்றுக் கூலர் ஒன்றை வாங்கிப் பூட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை. பலருக்கு அதுவே போதும். என்னை இழுத்தது வேறு விஷயம்: தண்ணீர் என்றால் சூட்டை அறைக்கு வெளியே கொண்டுபோகலாம். எங்கள் ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம். உள்ளே 36 இருக்கும்போது அந்த நிழலில் 32. இப்படியான கூலர் எதுவும், காற்றோ தண்ணீரோ, தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிரவைக்காது. ஆகவே அந்த நாலு பாகை சும்மா கிடைக்கிற லாபம். கடையில் முழுதாக விற்கும் மூடிய தண்ணீர்க் கூலரில் இது நடக்காது. அதன் குழாய் ஒரு முழம் வந்தால் பெரிய விஷயம். தண்ணீர் குறைந்தால் பெரும்பாலும் ஊற்ற வழியில்லை, பழுதானால் கொழும்புக்கு அனுப்பவேண்டும். அதை விட்டேன்.

அப்புறம் றேடியேற்றர், தண்ணீரின் சூட்டைக் காற்றில் விடும் பகுதி. மண்டையைப் போட்டு உடைத்தது இதற்குத்தான். நாலு தெரிவுகள் இருந்தன. தண்ணீரில் ஓடும் மோட்டார் சைக்கிளிலிருந்து கழற்றியது. இணையத்தில் ஓடர் பண்ணி எடுப்பிக்கும் 240 மில்லிமீற்றர் அலுமினியத் தட்டு. அதே அளவில் கணினிக்கென்றே செய்த செம்பு றேடியேற்றர். கடைசியாக, பழைய யப்பான் வானின் ஹீற்றர் கோர்.

மூன்றாவதை முதலில் முடித்துவிடலாம். அல்பாகூல் போன்ற ஜேர்மன் கம்பனிகள் செம்பில் செய்கின்றன. விலையைத் தவிரக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2022இல் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறிய பிறகு அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். காசு இருந்தால் அதை வாங்குங்கள், மிச்சத்தை வாசிக்க வேண்டாம்.

நான் முதலில் பூட்டியது மோட்டார் சைக்கிள் றேடியேற்றர். விபத்தில் அடிபட்ட ஒன்றிலிருந்து கழற்றி வைத்திருந்தார்கள், மலிவாகக் கிடைத்தது. பாரமே இல்லை, பார்க்கவும் வடிவு. புரொசசருக்கு மேலே பூட்டும் புளொக் செம்பு. தண்ணீர், உப்பு வடித்துப் போத்தலில் நிரப்பித் தரும் ஆர்ஓ தண்ணீர். எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைக் கேத்திலில் நாலு தரம் கொதிக்கவைத்தால் அடியில் வெள்ளையாகக் கல் பிடிக்கும்; அதனால் ஆர்ஓ போதும் என்று நினைத்தேன். முதல் மாதம் ஒரு குறையும் இல்லை. இரண்டாம் மாதம் முடிய இரண்டு பாகை கூடியது, வெக்கை என்று விட்டேன். ஐந்தாம் மாதம் பழையபடி 90ஐத் தாண்டியது. புளொக்கைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே சவ்வரிசிக் கஞ்சி மாதிரி வெள்ளையாக ஒரு கூழ். புளொக்கின் அடியில் சீப்புப் பல்லைவிட நெருக்கமாக வெட்டிய தவாளிப்புகள் இருக்கும், தண்ணீர் அவற்றுக்குள்ளால் ஓடித்தான் சூட்டை எடுக்கும். அத்தனையும் அடைத்துப் போயிருந்தன. பழைய பல்துலக்கியை வைத்து ஒரு பின்னேரம் முழுக்கத் தேய்த்தேன்.

காரணம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் தொடுத்து நின்றால் அது ஒரு பற்றரி. இரண்டில் அலுமினியந்தான் கரைந்து கொடுக்கும். கரைந்தது அந்த வெள்ளைக் கூழாகச் சுற்றி வந்து மிகவும் ஒடுக்கமான இடத்தில் படியும். ஆர்ஓ தண்ணீரிலும் கொஞ்சம் உப்பு மிச்சமிருக்கும், அந்தக் கொஞ்சமே போதும். வாகன எஞ்சினிலும் இரண்டு உலோகமும் கலந்து இருப்பதுண்டு, தண்ணீரோடு கலந்து ஊற்றும் கூலன்ரில் உள்ள அரிப்புத் தடுப்பு மருந்து அதைப் பிடித்து வைத்திருக்கும். கடை விற்கும் மூடிய கூலர்களிலும் அதே கதை. ஆகவே அலுமினியமே கூடாது என்றில்லை. கூலன்ரைக் காலம் தவறாமல் மாற்றுகிறவருக்குச் சரிவரும். நான் என் மோட்டார் சைக்கிளின் ஒயிலையே காலத்துக்கு மாற்றுவதில்லை.

புளொக்கையும் அலுமினியத்தில் எடுத்தால் சண்டை தீரும் என்று ஒரு நண்பன் சொன்னான். உண்மைதான். ஆனால் மலிவாக வரும் அலுமினிய புளொக்குகள் வெறும் பெட்டி; உள்ளே அந்த நெருக்கமான தவாளிப்பு இல்லை. எங்கள் மதர்போர்ட்டில் பூட்டக் கொழுவிகளும் கூட வராது.

ஆகவே ஹீற்றர் கோர். வானின் டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சின்ன றேடியேற்றர் இது. யப்பானில் குளிர்காலத்தில் எஞ்சினின் சுடுதண்ணீரை இதற்குள் ஓடவிட்டு, ஃபானால் ஊதி, வானுக்குள் சூடேற்றுவார்கள். வன்னியில் அந்தத் திருகியை யார் திருப்பியிருப்பார்கள்? அதனால் முப்பது வருடம் ஓடிய வானிலும் இது அதிகம் அடிபடாமல் கிடக்கும். பழைய சாமான் கடையில் மூன்று கிடந்தன. பழையவை பெரும்பாலும் செம்பும் பித்தளையும், பிந்தியவை அலுமினியம். மேலே கறுப்புப் பெயின்ற் அடித்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, காந்தமும் இரண்டிலும் ஒட்டாது. கையில் தூக்கினால் செம்பு பாரம். நிச்சயமாகத் தெரியவேண்டுமென்றால் ஒரு அரத்தைக் கொண்டுபோய் ஓரத் தொட்டியில் இலேசாக ஒரு இழுப்பு இழுங்கள். மஞ்சளாகத் தெரிந்தால் பித்தளை, வெள்ளையாகத் தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். மூன்றில் ஒன்றுதான் மஞ்சள்.

அதைக் கிளிநொச்சியில் றேடியேற்றர் ஒட்டும் அண்ணை ஒருவரிடம் கொண்டுபோனேன்.

"இது ஹீற்றரல்லோ. ஆருக்கு?"

"கொம்பியூட்டருக்கு அண்ணை."

"ஏன் தம்பி, கொம்பியூட்டருக்குக் குளிருதோ?"

சிரித்துவிட்டு வேலையைச் செய்தார். வானின் வாய்க்குழாய்கள் எங்கள் ரியூப்புக்குப் பெரிது. அவற்றை வெட்டிவிட்டு, ஃபிரிட்ஜ் திருத்துகிறவர்கள் வைத்திருக்கும் அரை அங்குலச் செம்புக் குழாயில் இரண்டு துண்டை ஈயம் வைத்து ஒட்டினார். ஒரு வாயை அடைத்து, மற்ற வாயால் சைக்கிள் பம்மால் காற்றடித்து, வாளித் தண்ணீருக்குள் அமுக்கிப் பார்த்தோம். ஒரு மூலையில் ஊசிமுனை அளவில் குமிழி. அதிலும் ஒரு சொட்டு ஈயம். இவ்வளவும் அரை மணித்தியாலம். வீட்டுக்கு வந்து உள்ளே வினாகிரி நிரப்பி ஒரு இரவு வைத்தேன். விடிய ஊற்றினால் தேயிலைச் சாயம் மாதிரி வந்தது. தெளிவாக வரும்வரை அலசி, கடைசி அலசல் பற்றரித் தண்ணீரில், அதாவது வாகனப் பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரில்.

இந்த ஒட்டுகிற விஷயந்தான் எனக்கு முடிவைச் சொன்னது. ஒட்டிய கோரை வெளியே வேப்பமர நிழலில் வைத்து நாலு மாதத்தால் குரங்குக் கூட்டமொன்று மரத்தில் இறங்கியது. ஜன்னலுக்கு வெளியே கறுப்பாக இரண்டு குழாய் தொங்கினால் குரங்கு சும்மா விடுமா? நான் கதவைத் திறக்கும்போது ஒன்று குழாயைப் பிடித்து ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது. குழாய் கழன்று வரவில்லை, ஆனால் ஒட்டிய வாய் வெடித்துத் தண்ணீர் முழுக்க வேப்பமரத்துக்குப் போனது. சைக்கிளில் கொண்டுபோனேன், அண்ணை பத்து நிமிடத்தில் திரும்ப ஒட்டித் தந்தார். அன்றிரவே ரெண்டர் ஓடியது. புதுப்பெட்டி அலுமினியத் தட்டாக இருந்தால்? அதன் தகடு கடுதாசி மாதிரி. அலுமினியத்தை ஒட்ட ஆர்கன் வெல்டிங் வேண்டும், அந்த மெல்லிய தகட்டில் அதுவும் லேசில் நிற்காது. குப்பைக்குப் போட்டுவிட்டு இன்னொன்று ஓடர் பண்ணி, பார்சல் வரும்வரை வழியைப் பார்த்திருக்கவேண்டும். செம்பையும் பித்தளையையும் ஒட்டத் தெரிந்தவர்கள் எங்கள் பக்கம் இருக்கிறார்கள், உழவு இயந்திரங்கள் இருக்கும்வரை இருப்பார்கள்.

இதில் தொல்லை இல்லையென்று சொல்லமாட்டேன். கோரின் இறகுகள், காற்று ஊடே போகும் மெல்லிய தகடுகள், மிக நெருக்கம். சோளகம் வீசத் தொடங்கினால் செம்புழுதி அதற்குள் போய் அப்பிக்கொள்ளும், சிறுபோக அறுவடை நேரம் கூளமும் சேரும். நுளம்பு வலையில் ஒரு துண்டை முன்னால் கட்டியிருக்கிறேன். அப்படியிருந்தும் மாதம் ஒருமுறை ரயர்க் கடைக்குக் கொண்டுபோய்க் காற்றடிக்கவேண்டும். 240 தட்டில் இறகு ஐதாக இருக்கும், தூரிகையால் தட்டினாலே போய்விடும். ஃபான் பூட்டுவதிலும் தட்டுக்குத்தான் வெற்றி, துளை எல்லாம் அளவாக வரும். கோருக்குப் பால்மா ரின் ஒன்றை வெட்டி நானே கூடு செய்து, கோருக்கும் ஃபானுக்கும் இடையில் ஒரு அங்குலம் இடைவெளி விட்டேன். அழகு பார்க்கிறவர்கள் கிட்ட வரவேண்டாம்.

தண்ணீர் இப்போது பற்றரித் தண்ணீர், ஒன்பது பங்குக்கு வாகனக் கூலன்ர் ஒரு பங்கு. வாகனத்துக்குப் பாதிக்குப் பாதி ஊற்றச் சொல்வார்கள். அதில் ஒரு காரணம் உறைபனி, அது எங்களுக்கு இல்லை. கூலன்ர் கூடினால் தண்ணீர் சூட்டைச் சுமக்கும் அளவும் குறையும். ஆனால் இவ்வளவு ஐதாக்கினால் அரிப்புத் தடுப்பும் பலவீனமாகும். எனக்கு உள்ளே எல்லாம் செம்புக் குலம் என்பதால் துணிந்தேன். அலுமினியம் வைத்திருப்பவர் இதைப் பின்பற்ற வேண்டாம். நாலு லீற்றர் கான் ஒன்றுதான் தொட்டி. வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும், அதனால் கறுப்பு ரேப் சுற்றியது. நாலு லீற்றர் எதற்கு என்று கேட்பார்கள். றேடியேற்றர் ஃபான் நின்றாலும், 142 வாட்டுக்கு அந்தத் தண்ணீர் ஒரு பாகை ஏற இரண்டு நிமிடம் எடுக்கும். ஓடிவந்து பார்க்க நேரம் இருக்கிறது.

பம்பியில் ஆட்கள் தேவையில்லாமல் காசைக் கொட்டுகிறார்கள். நிமிடத்துக்கு இரண்டு லீற்றர் ஓடினாலே, 142 வாட் சூட்டுக்குப் புளொக்கில் நுழையும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் வித்தியாசம் ஒரு பாகைதான். இரண்டு மடங்காக்கினால் அரைப் பாகை. டி5 என்ற பெயர்பெற்ற பம்பி மணித்தியாலத்துக்கு 1500 லீற்றர் வரை தள்ளும். நல்ல சாமான், நீண்ட நாள் உழைக்கும். என் தேவைக்கு ஐந்து வாட் 12 வோல்ட் சின்னப் பம்பி, 240 லீற்றர் என்று எழுதியது, போதுமாக இருக்கிறது. இரண்டு வாங்கி ஒன்றை மாற்றுக்கு வைத்திருக்கிறேன். அதன் குறை, இரண்டு வயர் மட்டும் உள்ளதால் சுழலுகிறதா நின்றதா என்று போர்ட்டுக்குச் சொல்லாது. நின்றால் புரொசசர் சூடாகித் தானே வேகத்தைக் குறைக்கும், அதற்கும் மேலே போனால் தானே நிற்கும். அதுதான் என் எச்சரிக்கை மணி.

மீன்தொட்டிப் பம்பி மட்டும் வேண்டாம். அது 230 வோல்ட், சுவரில் குத்துவது. கறண்ட் போனால் யூபிஎஸ்ஸில் கணினி ஓடும், பம்பி நிற்கும். 2022 பங்குனிக் கடைசியில் பதின்மூன்று மணித்தியாலம் வெட்டிய நாட்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 12 வோல்ட் பம்பி கணினியின் பவர் சப்ளையிலேயே குடிக்கும், இரண்டும் சேர்ந்தே எழும்பி, சேர்ந்தே படுக்கும்.

குழாய்க்கு மேசன்மார் மட்டம் பார்க்கும் தெளிந்த ரியூப் மலிவு, ஆனால் சில மாதத்தில் பால் மாதிரி மங்கும். நான் கறுப்பு றப்பர்க் குழாய். புளொக்கில் உள்ள புரி கால் அங்குல ஜி புரி. கம்பிரசர்ச் சாமான் விற்கும் கடையில் பித்தளை நிப்பிள் கிடைத்தது. கிளிப்பில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள், கான் கணினிக்கு மேலே இருக்கிறது.

இப்போது முழு ரெண்டரில் 78 முதல் 80 பாகை. பதினான்கு மாதம் ஓடியிருக்கிறது. போன வாரம் புளொக்கைத் திறந்தேன், தவாளிப்பு சுத்தம், ஒரு ஓரத்தில் இலேசான களிம்பு. ஒரு முழுக் கோடையும் ஒரு மாரியுந்தான் இதற்கு அனுபவம். மாரியில் வெளியே கிடக்கும் ஃபான் எத்தனை வருடம் தாங்கும் என்று கேட்டால் கையை விரிப்பேன்.

பழைய சாமான் கடைக்குப் போன கிழமை இன்னொரு கோர் வந்திருக்கிறது. ஒரு பக்கம் நசிந்துபோய்க் கிடக்கிறது. அரத்தால் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தேன். மஞ்சள்.