வீட்டு வாசலில் பிரேக் ஏர் எடுப்பது: உப்புக்காற்று ஊரில் சில வருட அனுபவம்

திருத்துறைப்பூண்டிக்கும் வேதாரண்யத்துக்கும் அடிக்கடி வண்டியில் போய்வருகிறவன் நான். வண்டி ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) இல்லாத பழைய பல்சர் 150 பைக். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். சில வருடங்களாக முன் பிரேக்குக்கு ஆயில் மாற்றுவது, ஏர் எடுப்பது (ஆயில் லைனில் புகுந்த காற்றை வெளியேற்றுவது) எல்லாம் வீட்டு வாசலில்தான்.

பிரேக் ஆயிலைப் பற்றிப் பேசினாலே கொதிநிலைக் கணக்கு வந்துவிடும். டாட் 4 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி தாங்க வேண்டும், காற்றின் ஈரத்தை இழுத்து 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தபின் 155 டிகிரியாவது தாங்க வேண்டும் என்பது தர அளவு. மலை இறங்குகிறவர்களுக்கு அது முக்கியம். நம்மூரில் ஏற்றம் என்றால் ஆற்றுப்பாலம்தான்! இங்கே அந்தத் தண்ணீர் செய்கிற வேலை வேறு: லிவர் பக்கம் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையும், டிஸ்க்கைப் பிடிக்கும் காலிப்பரின் பிஸ்டனையும் உள்ளிருந்து அரிக்கும். வெளியே உப்பளக் காற்று, காலிப்பரில் ஆயிலையும் காற்றையும் வெளியே விடத் திறக்கும் நிப்பிளைப் பிடித்துக்கொள்ளும். அதனால் லிவர் தொளதொளவென்று ஆகும்வரை நான் காத்திருப்பதில்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருமுறை நிப்பிளைத் திறந்து கொஞ்சம் ஆயிலை ஓடவிடுவேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழு ஆயிலும் மாறும்.

நிப்பிளுக்கு 8 எம்எம் ரிங் ஸ்பேனர்தான் போட வேண்டும். ஓப்பன் ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கும், அதன்பிறகு மெக்கானிக் கடைதான். நிப்பிளின் ரப்பர் மூடி தொலைந்திருந்தால் முதலில் அதை வாங்குங்கள். அந்தக் குட்டி மூடி இல்லாத நிப்பிள்கள்தான் இந்தப் பக்கம் உப்பேறி இறுகிப்போகின்றன. மேலே ஆயில் கப் மூடியில் இருக்கும் ஸ்டார் ஸ்க்ரூவும் இதே சாதிதான். ஸ்க்ரூடிரைவரை வைத்துத் தலையில் இரண்டு தட்டு தட்டிவிட்டுத் திருப்பினால் கழன்றுவரும்.

வேலைக்கு அக்கா மகன்தான் துணை. லிவரை அவன் பிடிப்பான், நான் கீழே குந்தியிருப்பேன்.

“அழுத்துடா... புடிச்சிக்க.”

“புடிச்சிட்டேன் மாமா.”

கால் சுற்றுத் திறந்ததும் லிவர் கைப்பிடிவரை இறங்கும். நிப்பிளில் மாட்டிய டியூப்பில் பழுப்பு ஆயில் வரும், நடுவில் கடுகளவு குமிழ்கள். நிப்பிளை மூடியபிறகுதான் அவன் லிவரை விட வேண்டும். முந்திக்கொண்டு விட்டால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். கப்பில் ஆயில், அதன் கண்ணாடியில் இருக்கும் அளவுக் கோட்டுக்குக் கீழே போகாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

மருந்துக்கடை சிரிஞ்சை நிப்பிளில் மாட்டி இழுக்கும் முறையும் செய்து பார்த்தேன். குமிழ் நிற்கவே நிற்காது. அது லைனில் இருக்கும் காற்று இல்லை, நிப்பிள் மரை வழியாக வெளியிலிருந்து வருவது. இது தெரியாமல் ஒரு பாட்டில் ஆயிலையே காலி செய்கிறவர்கள் உண்டு. இப்போது கப்பிலிருக்கும் பழைய ஆயிலை உறிஞ்ச மட்டும்தான் சிரிஞ்சு. ஆன்லைனில் வாங்கிய ஒருவழி வால்வு டியூப் நன்றாகத்தான் வேலை செய்தது, பிறகு வால்வு இறுகிவிட்டது. கையாள் இருந்தால் அது வீண் செலவு.

எல்லாம் முடிந்தும் லிவர் கொஞ்சம் இளக்கமாகவே இருந்தால், கப் மூடியைப் போட்டுவிட்டு, பழைய சைக்கிள் டியூப்பில் வெட்டிய வளையத்தால் லிவரைக் கைப்பிடியோடு சேர்த்து இறுக்கிக் கட்டி ராத்திரி முழுக்க விட்டுவிடுவேன். ஹேண்டில் பக்கம் ஒட்டியிருந்த பொடிக் குமிழ்கள் மெல்ல மேலேறிக் கப்புக்கு வந்துவிடும். காலையில் லிவர் கெட்டியாக நிற்கும். செலவே இல்லாத இந்த வழிதான் எனக்கு அதிகம் கைகொடுத்திருக்கிறது.

ஆயில் சின்னப் பாட்டிலாக வாங்குவதே நல்லது. திறந்துவைத்த பாட்டில் நம் ஊர் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அடுத்த வருடத்துக்கு ஆகாது. டாட் 3 போடுவதா 4 போடுவதா என்பது கப் மூடியிலேயே எழுதியிருக்கும். வெறும் 5 என்று இருப்பது சிலிக்கான், இவற்றோடு சேராது. டேங்கில் ஒரு சொட்டு விழுந்தாலும் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள், இல்லையென்றால் பெயின்ட் உரிந்துவிடும்.

2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். அவற்றிலும் ஆயில் மாற்றும் முறை பெரும்பாலும் இதேதான். ஆனால் கப்பை வற்றவிட்டு ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று புகுந்தால் கம்ப்யூட்டர் மாட்டித்தான் எடுக்க வேண்டிவரலாம். அந்த வண்டி வைத்திருப்பவர்கள் முதல் தடவை சர்வீஸ் சென்டரில் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, அப்புறம் கைவைப்பது நல்லது.